மண்டையைப் பிளக்குது வெயில்! சங்கரன்கோவிலுக்கு மழை எப்போ?

சங்கரன்கோவில்,-

"அண்ணாச்சி, இன்னைக்காவது மழை உண்டா?"

சித்திரை பிறந்து விட்டால் சங்கரன்கோவிலில் டீக்கடை, சலூன், பஸ் நிலையம் என்று எங்கே போனாலும் இந்த ஒரே கேள்விதான். பதில் சொல்லுகிறவர் முதலில் மேற்கே மலையைப் பார்ப்பார். பிறகு தலைக்கு மேலே பார்ப்பார். "மேகம் என்னமோ கூடுது. ஆனா இங்கே பெய்யணுமே!" என்று இழுப்பார். அதோடு சரி.

பகல் 12 மணி ஆகி விட்டால் ரத வீதிகளில் நடமாட்டம் குறைந்து விடுகிறது. கோவிலுக்கு வந்த வெளியூர் பக்தர்கள் கல்தரையில் கால் வைக்க முடியாமல் துள்ளித் துள்ளி ஓடுகிறார்கள். ராஜபாளையம், புளியங்குடி, கழுகுமலை, திருநெல்வேலி என்று நாலு திசைக்கும் போகிற பஸ்களில் ஜன்னல் ஓரத்து சீட்டுக்கு வருஷம் பூராவும் சண்டை நடக்கும். கோடையில் வெயில் விழுகிற பக்கத்து ஜன்னல் சீட்டு காலியாகவே கிடக்கும். கம்பியைத் தொட்டால் கை பொசுங்கும்.

இவ்வளவு வெயில் ஏன்? எப்போது குறையும்? செல்போன் காட்டும் "டிகிரி" கணக்கு உண்மைதானா? வானிலை அறிக்கையில் சொல்லும் "ஓரிரு இடம்" நம்ம ஊர்தானா? வாசகர்களுக்காக விவரமாகத் தருகிறோம்.

நிழல் எங்கே போச்சு?

சங்கரன்கோவில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரி தாண்டி கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. சூரியன் தெற்கே இருந்து வடக்கே நகர்ந்து வரும்போது ஏப்ரல் 13, 14-ந் தேதி வாக்கில் நம் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அதாவது சித்திரை 1-ந் தேதியை ஒட்டி! வருஷப் பிறப்பு அன்று சூரியன் தலைக்கு நேராக நிற்கும் ஊர் எத்தனை இருக்கும்? சென்னைக்குக் கூட அந்த நாள் ஏப்ரல் 24, 25-ந் தேதிதான் வருகிறது.

அன்று நட்டமாக நிற்கிற கம்புக்கு நிழல் விழாது. ஆளின் நிழல் காலடியில் ஒளிந்து கொள்ளும். ஆனால் சரியாக 12 மணிக்குப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். 12 மணி 20 நிமிடத்துக்குப் பார்க்க வேண்டும். நம் கடிகாரம் காட்டுவது அலகாபாத் பக்கமாகப் போகும் தீர்க்க ரேகையின் நேரம். நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அதனால் நம்ம ஊர் உச்சிப்பொழுது 20 நிமிடம் பிந்தி வருகிறது.

சூரியன் உச்சிக்கு வந்த அன்றே வெயிலும் உச்சம் என்று நினைக்க வேண்டாம். அடுப்பைப் பற்ற வைத்த உடனே தோசைக்கல் காய்ந்து விடுமா? தரை காய நாள் பிடிக்கும். மாசி, பங்குனியில் காய ஆரம்பித்த தரை, சித்திரைக் கடைசியில் நன்றாகப் பழுத்து விடுகிறது. ஒரு நாளுக்குள்ளும் இதே கணக்குதான். சூரியன் உச்சியில் நிற்பது 12.20 மணிக்கு. ஆனால் வெப்பம் உச்சத்துக்குப் போவது பிற்பகல் 2½ மணியில் இருந்து 3 மணி வரை. "உச்சி வெயில் தாண்டியாச்சு, கிளம்பலாம்" என்று 2 மணிக்குக் குடை இல்லாமல் புறப்படுகிறவர்கள்தான் சரியாக மாட்டிக் கொள்கிறார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் மழை

சங்கரன்கோவிலில் இருந்து சுமார் 40 கிலோ மீட்டர் போனால் தென்காசி. அதற்குப் பக்கத்தில் குற்றாலம். அங்கே ஜூன் மாதம் சாரல் அடிக்கும். ஜனங்கள் துண்டைக் கட்டிக் கொண்டு நடுங்குவார்கள். அதே நேரத்தில் இங்கே விசிறியைத் தேடிக் கொண்டிருப்போம். ஒரே மாவட்டம்தான். ஆனால் வானம் வேறு.

தென்மேற்கு பருவக்காற்று அரபிக்கடலில் ஈரத்தை அள்ளிக் கொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. மலையில் ஏற ஏறக் காற்று குளிர்கிறது. குளிர்ந்தால் ஈரத்தைத் தாங்க முடியாது. கேரளப் பக்கத்திலேயே மழையாகக் கொட்டி விட்டு, வெறும் கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது.

அதோடு போனாலும் பரவாயில்லை. இறங்கும் காற்று அழுத்தப்பட்டு சூடாகிறது. 100 மீட்டர் இறங்கினால் 1 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறும். ஆயிரம் மீட்டர் இறங்கினால்? நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். மலையில் உள்ள செங்கோட்டைக் கணவாய் ஒரு கதவு மாதிரி. அதன் வாசலில் இருக்கும் ஊர்களுக்கு சாரல் வருகிறது. தள்ளி இருக்கும் நமக்குக் காற்று மட்டும்தான் வருகிறது. சங்கரன்கோவில் சீமைக்கு மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான்.

கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போனால் கரிசல் பூமி. கறுப்பு மண் வெயிலை அப்படியே குடிக்கும். அறுப்பு முடிந்த பிறகு பச்சை கிடையாது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆறும் கிடையாது, கடலும் கிடையாது. வெக்கை வராமல் என்ன செய்யும்?

கத்திரி என்பது என்ன?

இந்த வெயிலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அக்கினி நட்சத்திரம். "கத்திரி" என்றும் சொல்வார்கள். ஆண்டுதோறும் மே 4-ந் தேதி வாக்கில் தொடங்கி 28-ந் தேதி வாக்கில் முடிகிறது. சூரியன் பரணி நட்சத்திரத்தின் 3-ம் பாதத்தில் நுழைந்து, கிருத்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தைத் தாண்டும் வரை உள்ள நாட்கள் இவை. கிருத்திகைக்கு அதிதேவதை அக்கினி. அதனால்தான் இந்தப் பெயர். சிவன் கோவில்களில் லிங்கத்துக்கு மேலே பாத்திரத்தைக் கட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி தாராபிஷேகம் நடத்துவதும் இந்த நாட்களில்தான்.

வானிலை இலாகா இந்தக் கணக்கை ஏற்பதில்லை. அவர்கள் கருவி காட்டுவதைத்தான் பேசுவார்கள். பஞ்சாங்கம் ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம். நம்மைக் கேட்டால், சென்னைக்காரர்களுக்கு கத்திரிக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. நமக்குப் பொருந்துவது குறைவு.

ஏன் என்றால், மே மாதக் கடைசியில் மேற்குக் காற்று பலக்கிறது. அந்தக் காற்று நாடு முழுவதையும் கடந்து, காய்ந்து கருகி சென்னைக்குப் போய்ச் சேருகிறது. கடல் காற்றையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. சென்னையில் 2003-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் 45 டிகிரி சென்டிகிரேடு பதிவானது இப்படித்தான். தென்கோடியில் இருக்கும் நமக்கோ அதே மேற்குக் காற்று மேகத்தையும் சேர்த்துத் தள்ளிக் கொண்டு வருகிறது. அதனால் நம் பக்கத்தில் கத்திரி தொடங்கும் முன்பே, சித்திரை நடுவிலேயே மண்டை காய்ந்து விடும். கத்திரி முடியும்போது ஓரளவு மூச்சு விடலாம். "கத்திரி இன்னும் பொறக்கவே இல்லை, அதுக்குள்ள இந்தப் போடு போடுதே!" என்று ஆண்டுதோறும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

100 டிகிரி எங்கே அளந்தது?

"வெயில் சதம் அடித்தது" என்று பத்திரிகைகள் போடுவது பாரன்ஹீட் கணக்கு. 100 டிகிரி பாரன்ஹீட் என்றால் சென்டிகிரேடில் 37.8 டிகிரி. செல்போன் சென்டிகிரேடில் காட்டும். 40 என்று காட்டினால் அது 104 பாரன்ஹீட். இரண்டையும் குழப்பிக் கொண்டு டீக்கடையில் பந்தயம் கட்டுகிறவர்கள் உண்டு.

அதைவிட முக்கியமான சமாசாரம் ஒன்று இருக்கிறது. வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெயிலில் தொங்க விடுவதில்லை. வெள்ளை பெயிண்ட் அடித்த மரப்பெட்டிக்குள், காற்று புகும்படி பலகைத் தட்டிகள் வைத்து, தரையில் இருந்து சற்று உயரத்தில் வைக்கிறார்கள். அதாவது அறிக்கையில் வருவது நிழலில் உள்ள காற்றின் சூடு. தார் ரோட்டில் நிற்கிறவருக்கும், தகரக் கொட்டகைக்குள் வேலை செய்கிறவருக்கும் அந்தக் கணக்கு போதாது. "38-னு போட்டிருக்கான், நமக்கு 45 மாதிரி இருக்கே" என்று புலம்புகிறவர் பொய் சொல்லவில்லை.

தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி, செங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில், சிவகிரி ஆகிய ஊர்களின் மழை அளவு பத்திரிகைகளில் வருகிறது. காலை 8½ மணிக்கு முந்தைய 24 மணி நேரக் கணக்கை எடுப்பார்கள். ஆனால் வெப்ப அளவு என்று வரும்போது நாளிதழ்களில் நாம் பார்ப்பது 50 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் பாளையங்கோட்டை கணக்கைத்தான். செல்போனில் "சங்கரன்கோவில்" என்று ஊர் பெயர் போட்டு வருவது பெரும்பாலும் அளந்த கணக்கு அல்ல. கம்ப்யூட்டர் போட்ட உத்தேசக் கணக்கு.

அந்தக் கம்ப்யூட்டர் நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொள்கிறது. முன்பு ஒரு கட்டம் 12 கிலோ மீட்டர். 2025-ம் ஆண்டு மே 26-ந் தேதி இந்திய வானிலை இலாகா தொடங்கிய புதிய முறையில் ஒரு கட்டம் 6 கிலோ மீட்டர். நம் ஊரும் சுற்றியுள்ள காடு கரைகளும் ஒரே கட்டத்தில் அடங்கி விடும். கட்டத்துக்குள் வடக்கு ரத வீதியில் பெய்து தெற்கு ரத வீதியில் பெய்யாத மழையை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்ல முடியாது.

பஸ் நிலையத்தில் சினிமா போஸ்டருக்கும் வாழ்த்து பேனருக்கும் இடம் இருக்கிறது. இன்றைய வெப்பம் இத்தனை டிகிரி, இன்ன நேரம் வெளியே போகாதே என்று எழுதிப் போட ஒரு கரும்பலகைக்கு இடம் இல்லாமலா போகும்?

தறி போடுகிறவர் பாடு

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறிக்கூடம் உள்ள தெருக்களில் தடதட சத்தம் கேட்டுக் கொண்டே இருக்கும். கோடை வந்தால் அங்கே இரட்டைத் தொல்லை. காற்றில் ஈரம் இல்லாவிட்டால் பருத்தி நூல் பலம் குறைந்து அறுந்து போகும். அறுந்த நூலை முடிந்து முடிந்து தறியை ஓட்ட வேண்டும். நூலுக்காகத் தரையில் தண்ணீர் தெளித்து ஈரம் உண்டாக்கினால், அந்த ஈரமும் வெக்கையும் சேர்ந்து ஆளைப் பிழிந்து எடுத்து விடும். மின்விசிறியைப் பெரிதாக வைத்தால் பஞ்சுத்தூசி பறக்கும். நூலுக்கு ஆனது ஆளுக்கு ஆகாது, ஆளுக்கு ஆனது நூலுக்கு ஆகாது!

சிமெண்டு அட்டை போட்ட கூரைக்கு வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே சூடு குறையும். பெரிய செலவு இல்லை. மொட்டை மாடிக்கும் இதே வைத்தியம்தான். காங்கிரீட் தளம் பகல் எல்லாம் வெயிலைக் குடித்து விட்டு, ராத்திரி முழுவதும் வீட்டுக்குள் கக்குகிறது. ஓட்டு வீட்டில் ராத்திரி சீக்கிரம் குளிர்ந்து விடும். பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டியவர்கள் இப்போது மாடிக்கு ஏ.சி. வாங்கிக் கொண்டிருக்கிறார்கள்.

எல்லாருக்கும் வெயில் எதிரி அல்ல. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டைப் பாருங்கள். மல்லிகை அதிகமாகப் பூப்பது கோடையில்தான். மார்கழியில் கிராம் கணக்கில் பேரம் பேசப்படும் மல்லிகை, சித்திரையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வரத்து கூடினால் விலை இறங்கும். ஆனால் பறிக்கிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கி, மொட்டாக இருக்கும்போதே பறித்து முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடும், கூலியும் வாடும்.

திருவேங்கடம், கழுகுமலை பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலுக்கும் ஈரம் ஆகாது. வத்தல், அப்பளம் போடுகிறவர்களுக்கும் இதுதான் சீசன். புளியங்குடி எலுமிச்சைக்குக் கோடையில் தனி மவுசு. ஊருக்கெல்லாம் சர்பத் போட வேண்டுமே! ரோட்டோரத்தில் பதநீர், நுங்கு, இளநீர், நன்னாரி சர்பத், மோர் எல்லாம் வந்து விடும். பதநீரை காலையிலேயே குடித்து விடுவது நல்லது. நேரம் ஆக ஆகப் புளிப்பு ஏறும். ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வதில் தப்பில்லை.

"ஓரிரு இடம்" எது?

இந்திய வானிலை இலாகா 1875-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1864-ல் கல்கத்தாவைப் புயல் தாக்கியதும், 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்ததும்தான் அதற்குக் காரணம். 150 ஆண்டு தாண்டி விட்டது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் வந்த பிறகு நம்மவர்கள் வானிலை அறிக்கையை ரேடியோவில் கேட்டுப் பழகினார்கள். "மழை பெய்யக்கூடும்னா பெய்யாது, வறண்ட வானிலைன்னா குடையை எடுத்துக்கோ" என்ற கேலியும் அப்போதே பிறந்து விட்டது.

கேலி செய்கிறவர்கள் அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்பதில்லை. அறிக்கையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு இருக்கிறது.

"ஓரிரு இடங்களில் மழை" என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் நாலில் ஒரு பங்குக்குள்தான் மழை பதிவாகும். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. "பல இடங்களில்" என்றால் முக்கால் பங்கு வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால்தான் முக்காலுக்கு மேல். ஆகவே கோடையில் "தென்காசி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை" என்று சொன்னால், செங்கோட்டையில் பெய்து சங்கரன்கோவிலில் பெய்யாவிட்டாலும் அறிக்கை சரிதான். நாலில் மூணு பங்கு நமக்கு இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

கனமழை என்றால் ஒரு நாளில் 7 செ.மீ. முதல் 11 செ.மீ. வரை. 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேலே அதி கனமழை. 2023-ம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அது எந்தக் கணக்கிலும் அடங்காதது.

நிறங்களும் இப்படித்தான். பச்சை என்றால் பயம் இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு.

இப்போது "வெப்ப அலை"க்கு வருவோம். இதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளியில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தொட வேண்டும். அதோடு, அந்த ஊரின் வழக்கமான அளவைவிட 4½ டிகிரியாவது கூட இருக்க வேண்டும். அதுவும் குறைந்தது 2 நிலையங்களில், 2 நாள் தொடர்ந்து இருந்தால்தான் வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். வழக்கமான வெப்பமே 37 என்று வைத்துக் கொண்டால், 41½ டிகிரி ஆகும் வரை அலை கிடையாது!

40 டிகிரி வெயிலில் சாலை போடுகிற தொழிலாளிக்கு இந்தக் கணக்கு தெரியுமா? உடம்புக்குத் தெரியுமா? "அலை அறிவிக்கவில்லையே" என்று நம்பி வேலையை இழுத்துக் கொண்டு போகக்கூடாது. அறிவிப்பு வராத நாளிலும் ஆள் சுருண்டு விழலாம்.

காய்ந்த வெயில் ஏமாற்றும்

சென்னை வெயிலில் சட்டை தொப்பலாக நனையும். இங்கே அப்படி இல்லை. காற்றில் ஈரம் குறைவு. வேர்வை வந்த வேகத்தில் ஆவியாகி விடும். "நமக்கு வேர்க்கவே இல்லையே" என்று நினைப்போம். ஆனால் உடம்பில் இருந்து தண்ணீர் போய்க் கொண்டே இருக்கும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். சிறுநீர் மஞ்சளாக, குறைவாகப் போனால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

தலைசுற்றல், தசைப் பிடிப்பு, வாந்தி வந்தால் உடனே நிழலுக்குப் போக வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

உடம்பு 40 டிகிரிக்கு மேல் கொதித்து, ஆள் உளற ஆரம்பித்தாலோ, மயங்கினாலோ அது வெப்ப பக்கவாதம். வேர்வை நின்றே போகலாம். இது வீட்டு வைத்தியத்துக்கு உரியது அல்ல. 108-க்கு போன் போட வேண்டும். வண்டி வரும் வரை சும்மா நிற்கக்கூடாது. நிழலில் படுக்க வைத்து, துணிகளைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பாசத்தில் பலர் செய்யும் தவறு இதுதான். தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் போய் விடும்.

தமிழக அரசு 2024-ம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் உயிர் இழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் சாவுக்குக் காரணம் வெப்பம்தான் என்று முறைப்படி சான்று வேண்டும். "வயசான ஆளு, வெயில்ல போனாரு, விழுந்தாரு, போயிட்டாரு" என்று நேரே மயானத்துக்குக் கொண்டு போய் விட்டால் கணக்கிலும் வராது, காசும் வராது. எத்தனை பேர் வெயிலில் சாகிறார்கள் என்பது ஊருக்கும் தெரியாமல் போகும்.

பிள்ளைகள் விஷயத்தில் அரசு பலமுறை இறங்கி வந்திருக்கிறது. 2023-ல் வெயில் தணியாததால் பள்ளிக்கூடத் திறப்பு தள்ளிப் போய், 6-ம் வகுப்பு முதல் ஜூன் 12-ந் தேதியும், சின்ன வகுப்புகளுக்கு 14-ந் தேதியும் திறந்தார்கள். 2024-ல் ஜூன் 10-ந் தேதி திறந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு விட்டு, அதே பிள்ளையைப் பகல் 2 மணிக்கு டியூஷனுக்கு அனுப்புவது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

இடியோடு வரும் மழை

கோடை மழை எப்படி வரும் என்பதற்கு ஒரு முறை உண்டு. காலையில் பளிச்சென்று இருக்கும். மத்தியானம் இறுக்கமாக இருக்கும், ஒரு இலை ஆடாது. 3 மணிக்கு மேல் மலைப்பக்கம் மேகம் கோபுரம் மாதிரி எழும்பும். பிறகு புழுதியைக் கிளப்பிக் கொண்டு சூறைக்காற்று. அதன் பின்னாலேயே இடி, மின்னல். அரை மணியில் எல்லாம் முடிந்து விடும். பல நாள் புழுதியோடு நின்று விடும். மழை புளியங்குடியோடு போய் விடும்.

"தட்டான் தாழப் பறந்தா தப்பாம மழை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எறும்பு முட்டையைத் தூக்கிக் கொண்டு மேட்டுக்கு ஓடுவதையும் அடையாளமாகச் சொல்வார்கள். காற்றில் ஈரம் கூடினால் பூச்சிகளுக்கு முன்னாலேயே தெரிந்து விடுகிறது போலும்.

இந்த மழை வாழைத்தோட்டத்தைச் சாய்த்து விடும். அதைவிட மின்னல் ஆபத்து. மின்னல் வெட்டி 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், அது 10 கிலோ மீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். ஆடு மேய்க்கிறவர்களும், கிடை போட்டிருப்பவர்களும் ஒற்றை மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. மின்னல் பற்றி எச்சரிக்க "தாமினி" என்றும், விவசாயிகளுக்கு "மேகதூத்" என்றும் செல்போன் செயலிகள் இருக்கின்றன. இலவசம்தான்.

வெயில் தாங்காமல் குற்றாலத்துக்கு ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024-ம் ஆண்டு மே 17-ந் தேதி, கோடை நாளில், பழைய குற்றாலம் அருவியில் திடீர் என்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக் கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டு பலியானான். கீழே நிற்கிறவருக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரியாது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சத்தம் மாறினாலோ, குச்சியும் சருகும் அடித்து வந்தாலோ, ஒரு நொடி நிற்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். போலீசார் "குளிக்கத் தடை" என்று கயிறு கட்டினால், அவர்களோடு வாதாட வேண்டாம்.

எப்போதுதான் விடிவு?

தென்மேற்கு பருவமழை கேரளாவில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. 2024-ல் மே 30-ந் தேதியே தொடங்கியது. 2025-ல் இன்னும் முந்திக் கொண்டு மே 24-ந் தேதியே வந்து விட்டது. 2009-ல் மே 23-ந் தேதி தொடங்கிய பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது அப்போதுதான். அந்த ஆண்டு கத்திரி முடியும் முன்பே கேரளாவில் மழை!

ஆகவே சங்கரன்கோவில்காரர்கள் மே மாத நடுவில் இருந்து பார்க்க வேண்டியது உள்ளூர் வானத்தை அல்ல, கேரளச் செய்தியை. அங்கே பருவமழை தொடங்கி விட்டால் இங்கே மேற்குக் காற்று பலக்கும். ஊத்துமலை, தேவர்குளம் பக்கத்துக் காற்றாலைகள் நிற்காமல் சுழல ஆரம்பிக்கும். பஸ்சில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். இறக்கை தூங்கி வழிந்தால் வெக்கை தொடரும். எல்லா இறக்கையும் மேற்கைப் பார்த்து ஒரே சீராகச் சுற்றினால் கோடையின் முதுகு ஒடிந்தது என்று வைத்துக் கொள்ளலாம். மழை வராது. ஆனால் மேகம் வரும், காற்று வரும், ராத்திரி தூக்கம் வரும்.

தண்ணீருக்கும் அந்த மலை மழையைத்தான் நம்ப வேண்டும். ஆறு இல்லாத இந்த ஊரின் குழாய்களுக்குத் தாமிரபரணி தண்ணீர் வருகிறது. பொதிகை மலையில் பெய்து, 143 அடி கொள்ளளவு உள்ள பாபநாசம் அணையில் சேர்ந்தால்தான் ஆற்றில் ஓட்டம் இருக்கும். கோடையில் பத்திரிகையில் வெளியாகும் அணை நீர்மட்டத்தை சினிமா விளம்பரத்துக்கு முன்னால் ஒரு தடவை பார்த்து விடுவது நல்லது. குடம் வரிசை எப்போது நீளும் என்று அதிலேயே தெரிந்து விடும்.

ஆடித்தபசு வரும்போது காற்று உச்சத்தில் இருக்கும். கோமதி அம்மன் தபசுக் காட்சிக்குத் திரளும் கூட்டத்தில் வெயிலும் இருக்கும், புழுதியும் இருக்கும், ஆனால் சித்திரை மாதத்து இறுக்கம் இருக்காது. விவசாயிகள் சூறை விடும் பருத்தியும் வத்தலும் அந்தக் காற்றில் எங்கோ போய் விழும்.

அதோடு வெயில் கணக்கு முடிந்தது என்று நினைத்து விடக்கூடாது. ஆவணி, புரட்டாசியில் மேற்குக் காற்று ஓய்ந்து விடும். ஐப்பசி மழை வருவதற்கு நாள் இருக்கும். வடக்கே போன சூரியன் திரும்பும் வழியில் ஆகஸ்டு 28, 29-ந் தேதி வாக்கில் மறுபடியும் சங்கரன்கோவிலுக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். "புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் அந்த மாதங்களிலும் 36, 37 டிகிரி சர்வ சாதாரணம். சித்திரையில் வாங்கின குடையைப் பரண் மேல் போட்டு விட வேண்டாம்.